வெளிநாட்டில் பொருள் பழுதானால்: புதிது வாங்கும் முன் தட்ட வேண்டிய கதவுகள்

ஐரோப்பாவுக்கோ பிரிட்டனுக்கோ புதிதாக வந்த பலர், பழுதான பொருளைச் சரிசெய்யப் போவதே இல்லை. ஆள்கூலி அதிகம், புதிது வாங்குவதே மலிவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கூலி அதிகம்தான். ஆனால் அதை நீங்களேதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பல நேரம் அது விற்றவர் பொறுப்பு, சில இடங்களில் அரசு ஏற்பாட்டில் ஒரு பங்கு குறையும், இலவசமாகச் செய்துதரும் தன்னார்வலர்களும் உண்டு. யாரிடம் முதலில் போவது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

படி 1: ரசீதைத் தேடுங்கள்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். நீங்களே திறந்துவிட்டால் கடைக்காரருக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். முதலில் வாங்கிய தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடையில் வாங்கிய புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. ஸ்பெயினிலும் ஸ்வீடனிலும் 3 ஆண்டு. ஒன்றியத்தில் சேராத நார்வேயில், நீண்ட நாள் உழைக்க வேண்டிய பொருள்களுக்கு 5 ஆண்டு வரை புகார் செய்யலாம்.

கம்பெனி தரும் வாரண்டி அட்டை வேறு, இது வேறு. சட்டப்படியான இந்தப் பொறுப்பு விற்றவருடையது. ‘வாரண்டி ஒரு வருஷம்தான்’, ‘கம்பெனிக்கு எழுதுங்க’ என்று கடையில் சொன்னால், சரி என்று திரும்பிவிடாதீர்கள். பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் குறை தெரிந்தால், அது முதலிலிருந்தே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி இந்தக் காலம் 6 மாதம். அதற்குப் பிறகும் உரிமை போய்விடாது, நிரூபிக்க வேண்டியது மட்டும் நம் பக்கம் வரும். கீழே போட்டு உடைத்தது, தண்ணீரில் நனைந்தது எல்லாம் இதில் வராது.

வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன பழுது, சட்டப்படியான உத்தரவாதத்தின் கீழ் சரிசெய்து தரவும். இவ்வளவு எழுதி ரசீதின் படத்தையும் இணைத்தால் போதும்.

படி 2: பொருள் உங்களுடையதுதானா?

வாடகை வீட்டோடு வந்த வாஷிங் மெஷின், அடுப்பு, ஹீட்டர் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் செலவு அவருடையது.

படி 3: ரிப்பேர் கஃபே

இதைத் தெரியாமல் பல பேர் நல்ல பொருளைக் குப்பையில் போடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ, பெரும்பாலும் மாதம் ஒருமுறை, பழுது பார்க்கத் தெரிந்த தன்னார்வலர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் இல்லை. விரும்பினால் உண்டியலில் போடலாம். உதிரி பாகம் தேவைப்பட்டால் அதன் விலை மட்டும் உங்களுடையது.

உங்கள் ஊர்ப் பெயரோடு ‘ரிப்பேர் கஃபே’ என்று தேடுங்கள். சில இடங்களில் முன்பதிவு கேட்பார்கள். பொருளைத் துடைத்து, சார்ஜர், வயர் எல்லாவற்றோடும் கொண்டுபோங்கள்; லேப்டாப் என்றால் முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டுப் போங்கள். மைக்ரோவேவை நிறைய இடங்களில் தொடமாட்டார்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் உயர் மின்னழுத்தம் ஆபத்தானது. கொடுத்துவிட்டு அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளும் கடை இல்லை இது. பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, கூடவே கற்றுக்கொள்ள வேண்டும். மொழி சரியாக வராது என்று தயங்க வேண்டாம். வேலை செய்யாத பொருளை மேசையில் வைத்து, எங்கே நிற்கிறது என்று காட்டினாலே பாதி பேச்சு முடிந்துவிடும். புதிய ஊரில் முதல் நட்பு அந்த மேசையில் கிடைத்தாலும் கிடைக்கும்.

படி 4: அரசு ஏற்பாடு, கம்பெனி சலுகை

பிரான்சில் இருந்தால் ‘குவாலிரெப்பார்’ முத்திரை உள்ள கடையைத் தேடுங்கள். 2022 டிசம்பரிலிருந்து மின்சாதனப் பழுதுக்கான சலுகையைப் பில்லிலேயே கழிக்கிறார்கள். நீங்கள் எந்தப் படிவமும் அனுப்ப வேண்டாம். அடுத்த ஆண்டு துணிக்கும் செருப்புக்கும் இதுபோன்ற சலுகை வந்தது. வேறு நாட்டில் இருப்பவர்கள் நகராட்சியின் இணையதளத்தைப் பாருங்கள்.

துணியில் கம்பெனியையும் கவனியுங்கள். ஸ்வீடனின் நியூடி ஜீன்ஸ், தன் ஜீன்ஸ் கிழிந்தால் இலவசமாகத் தைத்துத் தருகிறது. சைக்கிள் என்றால் மாணவர்களுக்கு யோகம்: ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அமைப்பே பட்டறை நடத்துகிறது. கருவி அவர்களுடையது, வேலை உங்களுடையது, சந்தேகம் கேட்க ஆள் இருப்பார்.

படி 5: கடைசியாகத்தான் காசுக் கடை

மேலே எதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். திறந்து பார்க்கவே எவ்வளவு, சரிசெய்தால் அதைப் பில்லில் கழிப்பார்களா, செய்த வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்ற மூன்றையும் பொருளைக் கொடுக்கும் முன்னே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.