நாஸ், டேப், கிளவுட்: பேக்கப் சிஸ்டம் வாங்கறப்போ பண்ற தப்புகள்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையக் கடந்தப்போ ஒரே நாள்ல கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை கொட்டுச்சு, கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. தண்ணி வடிஞ்சதும் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குப் போனேன். தரைத்தளம், மேசைக்கு அடியில நாஸ் பெட்டி (எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியா பயன்படுத்தற டிஸ்க் பெட்டி), அத ஒட்டியே பேக்கப் டிஸ்க், ரெண்டையும் தூக்கினா சேத்துத் தண்ணி ஒழுகுது. "ரெண்டு காப்பி வச்சிருந்தேனேப்பா"ன்னு அதையே திருப்பித் திருப்பி சொல்லிட்டு இருந்தாரு. ஊரான் வீட்டுக் கல்யாணம்ங்க அதுல இருந்ததெல்லாம், மறுபடி எடுக்க முடியுமா?

அந்த நாஸ்ல ரெய்டு இருந்துச்சு, அதாவது பல டிஸ்க சேத்து ஒண்ணா ஓட்டற முறை. ரெய்டு பேக்கப் கிடையாது, தயவு செஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க. ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம ஓடும், அவ்ளோதான். நீங்க ஒரு ஃபோல்டர தெரியாம அழிச்சா அது எல்லா டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். ரெண்டு இடத்துலயும் ஃபைல ஒரே மாதிரி வச்சுக்கற சிங்க் சாஃப்ட்வேரும் அப்படித்தான், பழைய வெர்ஷன் வச்சுக்கற வசதி இல்லன்னா தப்பையும் சேத்தே காப்பி பண்ணும்.

அடுத்து, வாங்கறப்போ எல்லாரும் எத்தன டெராபைட், என்ன விலைன்னு தான் கேக்கறாங்க, திருப்பி எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்கறதே இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க: ஜிகாபிட் நெட்வொர்க்ல செகண்டுக்கு சுமார் 110 எம்பி தான் வரும், 20 டெராபைட் திரும்ப வர 50 மணி நேரம், அதாவது ரெண்டு நாளுக்கு மேல. அதுவே கிளவுட்ல வச்சிட்டு 100 எம்பிபிஎஸ் லைன்ல (இது மெகாபிட் கணக்கு, செகண்டுக்கு சுமார் 12 எம்பி தான்) இறக்கினா, லைன் ஒரு நிமிஷம் கூட கட் ஆகாம இருந்தாலே 18 நாள் தாண்டிடும். நம்ம ஊர்ல புயலுக்கு அப்புறம் கரண்டும் நெட்டும் எப்போ வரும்னு உங்களுக்கே தெரியும். டேட்டாவ வெளிய எடுக்க தனியா காசு வாங்கற கிளவுட் கம்பெனியும் உண்டு, அதையும் முதல்லயே கேட்டுக்கோங்க. பொடிப்பொடி ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இழுக்கும்.

டேப் (டேட்டா பதியற காந்த நாடா) வாங்கறவங்க அட்டையில போட்ட நம்பர நம்பாதீங்க. எல்டிஓ-9ங்கற ரக டேப்ல 45 டெராபைட்னு இருக்கும், நிஜத்துல 18 தான், மிச்சம் கம்ப்ரஸ் ஆனா கிடைக்கும்ங்கற கணக்கு. வீடியோ, ஜேபெக் எல்லாம் ஏற்கனவே கம்ப்ரஸ் ஆனது, அது மேல சுருங்காது. பழைய டேப் கையில இருந்தா டிரைவ் அதப் படிக்குமான்னும் பாருங்க, எல்டிஓ-8 டிரைவ்ல எல்டிஓ-6 டேப் படிக்காது.

பேக்கப் டிஸ்க எப்பவும் நெட்வொர்க்லயே மாட்டி வைக்கறது இன்னொரு பெரிய தப்பு. ரான்சம்வேர் (ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கற வைரஸ்) புகுந்தா நெட்வொர்க்ல எழுத முடியற ஷேர் ஃபோல்டர் எல்லாத்தையும் பூட்டிடும், பேக்கப்பும் அதுல ஒண்ணு தான். ஒரு காப்பியாவது கழட்டி வெளியூர்ல இருக்கணும். புதுச்சேரில இருக்கறவங்க கடலூர்ல வச்சா போதும்னு நினைக்காதீங்க, 2011 தானே புயல் ரெண்டு ஊரையும் ஒரே ராத்திரில அடிச்சுது.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க சொந்த டேட்டால ஒரு ஃபோல்டர அவங்க சிஸ்டத்துல ஏத்தச் சொல்லி, வேற கம்ப்யூட்டர்ல உங்க கண்ணு முன்னாடியே திருப்பி எடுக்கச் சொல்லுங்க, வாட்ச்ச கையில வச்சுக்கிட்டு நில்லுங்க. ஸ்டுடியோ அண்ணன் இப்போ அப்படிப் பாத்துத்தான் வாங்கினாரு. மாசம் ஒரு டிஸ்க் திருச்சில அவரு மச்சான் வீட்டு மாடி பீரோவுக்குப் போகுது.