பிறகு ஃபோகஸ் செய்துகொள்ளலாம் என்று நம்பி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

படம் எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றலாம் என்று ஒரு கேமரா சொன்னால், அது எந்த வழியில் மாற்றுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

முதல் வழி லைட் ஃபீல்ட் கேமரா. அதில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு முன்னால் மிகச் சிறிய லென்ஸ்களை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். எவ்வளவு ஒளி விழுந்தது என்பதோடு, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும். அந்தக் கதிர்களைப் பிறகு கணினியில் வேறு விதமாகக் கூட்டினால் வேறொரு தூரத்தில் ஃபோகஸ் கிடைக்கும். இதற்கு வித்திட்ட யோசனையை இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1908-இலேயே முன்வைத்துவிட்டார். ஸ்டான்ஃபோர்டில் இதை ஆராய்ந்த ரென் இங் தொடங்கிய லைட்ரோ நிறுவனத்தின் கேமரா, 2012-இல்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. இரண்டாவது வழி பானசோனிக்கின் போஸ்ட் ஃபோகஸ். இதில் கேமரா ஃபோகஸை நகர்த்திக்கொண்டே நொடிக்கு 30 ஃப்ரேம் வீதம் 4கே வீடியோ எடுக்கும். திரையில் நீங்கள் தொடும் இடம் எந்த ஃப்ரேமில் கூர்மையாக இருக்கிறதோ, அதை எடுத்துக் கொடுக்கும். மூன்றாவது, போன்களில் உள்ள போர்ட்ரெய்ட் மோட்.

அதிகம் பேர் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான். போனின் சென்சார் சிறியது. அதனால் சாதாரண தூரத்தில் எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஓரளவு தெளிவாகவே விழும். போன் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு ஆழ வரைபடம் தயாரித்து, அதை வைத்துப் பின்னணியை மங்கலாக்குகிறது. பிறகு நீங்கள் ஃபோகஸை மாற்றும்போது அந்தப் பூச்சு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். லென்ஸே தவறவிட்ட முகத்தை இது மீட்டுத் தராது. ஒரு பூவை மிக நெருங்கி எடுத்தால் பின்னணி நிஜமாகவே மங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தை எத்தனை முறை தொட்டாலும் தெளிவு வராது.

மங்கலின் அளவை எல்லைக்கு இழுத்துவிடுவதும் இதன் தம்பிதான். முடி, மூக்குக் கண்ணாடி, கம்பி வேலி போன்றவற்றின் ஓரங்களில் ஆழ வரைபடம் தடுமாறும். மங்கல் கூடக் கூட, காதுக்குப் பக்கத்தில் பாதி முடி காணாமல் போயிருப்பது பளிச்சென்று தெரியும். பாதியளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, ஆழத் தகவல் படம் எடுக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். ஐபோன் 15 முதல், ஆளோ நாயோ பூனையோ ஃப்ரேமில் இருந்தால் சாதாரண மோடிலும் அது தானாகவே சேமிக்கப்படுகிறது. பழைய போன்கள் பலவற்றில் முன்கூட்டியே போர்ட்ரெய்ட் மோடுக்குப் போயாக வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதியில் அந்தத் தகவல் இருக்காது, அதனால் மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள்.

போஸ்ட் ஃபோகஸில் நடக்கும் தவறு எளிமையானது: அசையும் பொருளை எடுப்பது. ஒவ்வொரு ஃப்ரேமும் வெவ்வேறு கணத்தில் எடுத்தது. நீங்கள் விரும்பிய இடம் கூர்மையாக இருக்கும் ஃப்ரேமில் குழந்தை கண்ணை மூடியிருக்கலாம். ட்ரைபாடும் அசையாத பொருளும் இருந்தால் அருமையான வசதி, இல்லையென்றால் வேண்டாம். ஃப்ரேம்கள் 8 மெகாபிக்சல்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கை நடுக்கத்தையும் ஃபோகஸையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவோ ஆளோ அசைந்ததால் வந்த மங்கல் வேறு ரகம். இந்த மூன்று வழிகளும் அதற்கு மருந்தல்ல.

லைட் ஃபீல்ட் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் வைத்து எடுத்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்பார்கள். தூரத்து மலைத்தொடரில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? லென்ஸுக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று அடுக்கினால்தான் இந்த வித்தை தெரியும்.

லைட்ரோ கேமரா இன்று பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும். வாங்க நினைத்தால் விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் மாடலில் சொன்ன 11 என்பது மெகாரே, அதாவது பதிவாகும் கதிர்களின் கணக்கு. திசைக்கும் சேர்த்து சென்சாரைப் பங்கிட வேண்டியிருப்பதால் கையில் கிடைக்கும் படம் சுமார் 1.2 மெகாபிக்சல்தான். 2014-இல் வந்த ‘இல்லம்’ (Illum) என்ற மாடலில் 40 மெகாரே, படமோ ஏறத்தாழ 4 மெகாபிக்சல். என்னைக் கேட்டால், இதைப் பெரிதாக அச்சிட ஆசைப்படுபவர் இந்தப் பக்கமே வரக்கூடாது.

அதைவிட முக்கியம் மென்பொருள். படங்களைப் பகிர லைட்ரோ நடத்திய இணையதளம் 2017-இல் நின்றது, நிறுவனமே 2018-இல் மூடப்பட்டது. இணையப் பக்கங்களில் ஒட்டியிருந்த, தொட்டால் ஃபோகஸ் மாறும் படங்கள் அந்த இணையதளம் நின்றதோடு செயலிழந்தன. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், லைட்ரோ டெஸ்க்டாப் மென்பொருள் உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே எடுத்த படங்கள் இருந்தால் மூலக் கோப்போடு நிறுத்தாமல், வேண்டிய ஃபோகஸ் நிலைகளை இப்போதே தனித்தனி டிஃப் (TIFF) படங்களாக ஏற்றுமதி செய்து வைத்துவிடுங்கள்.