மெலிந்த கெக்கோ வீட்டுக்கு வந்தால்: முதல் இரண்டு வாரத் தவறுகள்

கடையிலிருந்தோ, வளர்க்க முடியாமல் கைமாற்றிவிட்டவரிடமிருந்தோ வரும் லெப்பர்ட் கெக்கோக்களில் (செல்லப் பிராணியாக வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) பல, வால் குச்சியாகி இடுப்பெலும்பு துருத்திய நிலையில்தான் வந்து சேர்கின்றன. மணல் போடக் கூடாது, சூட்டுக்கல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

வந்த அன்றே வயிற்றை நிரப்புவது

அதிகம் உயிர் வாங்கும் தவறு இதுதான். நல்ல மனசோடு செய்வதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. பல்லி எலும்பும் தோலுமாக இருப்பதைப் பார்த்ததும் பதற்றம். அன்று மாலையே கிண்ணம் நிறைய மெழுகுப்புழு, மறுநாள் காலை வாயைப் பிளந்து சிரிஞ்சில் கூழ். மூன்றாம் நாள் பார்த்தால் அரைகுறையாகச் செரித்த புழுக்கள் வாந்தியாகக் கிடக்கும். "இவ்வளவு கொடுத்தும் தேறலையே" என்று கேட்பார்கள். அவ்வளவு கொடுத்ததால்தான் தேறவில்லை.

கெக்கோவுக்கு உடற்சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைவாக இருந்தால் குடல் மந்தமாகி, விழுங்கிய பூச்சி உள்ளேயே அழுகும். வாந்தியோடு மிச்சமிருந்த நீரும் போகும். பட்டினி கிடந்த உடலில் ஏற்கெனவே நீர் வற்றியிருக்கும். புரதம் செரித்து வரும் யூரிக் அமிலத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு நீர் வேண்டும். இதற்கு மேல் இன்னொன்று: நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக உணவு போனால், ரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரியும், இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட சிக்கலும் இதுதான்.

ஆகவே முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பிறகே உணவு.

சிறிய தொட்டி அல்லது காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் கிச்சன் டிஷ்யூ. ஒரு பக்கத் தரை 32–34 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24–26. ஹீட் மேட்டை (அடியில் விரிக்கும் சூடேற்றும் விரிப்பு) தெர்மோஸ்டாட் என்ற சூடு கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் போடவே கூடாது. அதன் சென்சார் பல்லி படுக்கும் இடத்தில் தரையோடு ஒட்டியிருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி அந்த இடத்துக் காற்றின் சூட்டைத்தான் காட்டும், வயிறு படும் தரையின் சூட்டை அல்ல. பதுங்க மூன்று இடம்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈர டிஷ்யூ வைத்த மூடிய டப்பா ஒன்று.

முதல் இரண்டு நாள் நீர் மட்டும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கூடவே மேலுதட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அதை நக்கி முடித்த பிறகு அடுத்த சொட்டு. மூக்குத்துளைக்குள் போய்விடக் கூடாது. வெதுவெதுப்பான நீரில், வயிறு நனையும் அளவுக்கு மட்டும், 10 நிமிடம் உட்கார வைக்கலாம், பக்கத்திலேயே இருங்கள். கண் குழிந்து, கிள்ளிய தோல் மடிப்பு அப்படியே நின்றால் இந்த வைத்தியம் போதாது. மருத்துவர் ஊசி வழியாக நீரேற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் இரண்டு சின்னப் பூச்சிகள். பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு எச்சத்துக்குக் காத்திருங்கள்: பழுப்பு உருண்டையும் வெள்ளைத் துண்டும் சேர்ந்து வந்தால் குடல் வேலை செய்கிறது. அதன் பிறகு மூன்று, நான்கு என்று மெல்ல ஏற்றலாம்.

சிரிஞ்ச் கூழ் கடைசி வழி, அளவும் மருத்துவர் சொல்வதுதான். கால்சியம் குறைந்து எலும்பு இளகிய பல்லியின் வாயை வலுக்கட்டாயமாகப் பிளந்தால் தாடை முறியும். கூழ் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா.

மெழுகுப்புழுவையே நம்புவது

கொழுப்பு அதிகம், கால்சியம் சொற்பம். ருசி கண்டுவிட்டால் வேறெதையும் திரும்பிப் பார்க்காத பல்லிகள் உண்டு. தேறிய பிறகு வாரம் ஒன்றிரண்டு போதும். அன்றாட உணவு கிரிக்கெட் பூச்சி, இரைக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான். பூச்சிகளுக்கு முந்தைய நாளே கேரட்டும் கீரையும் போட்டு வயிறு நிறைய வைத்து, கொடுக்கும்முன் கால்சியம் பொடியில் புரட்டுங்கள்.

மிச்சக் கிரிக்கெட்டை உள்ளேயே விடுவது

இரவில் பல்லியைக் கடிக்கும். எடுத்துவிடுங்கள்.

எடையைக் கண்ணால் கணிப்பது

0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, மேலே ஒரு மூடிய டப்பா, டப்பாவின் எடையைக் கழித்துப் பூஜ்யம். வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரம், உணவுக்கு முன். தினமும் நிறுத்தால் ஒரு எச்சம் போனதற்கே பதறுவீர்கள். வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் 50–80 கிராம் இருக்கும். வால் கழுத்தளவு பருமனானால் தேறிவிட்டது. முதல் வாரம் எடை இறங்காமல் நின்றாலே நல்ல சேதி. 10 சதவீதம் இறங்கினால் மருத்துவமனை.

கொஞ்சுவது

இரண்டு வாரம் வேண்டாம்.

மெலிவுக்குப் பசி மட்டுமே காரணம் என்று எண்ணுவது

நம் வீட்டுச் சுவர்ப்பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. உரிந்த தோல் இமைக்கடியில் சிக்கிக்கொண்டால் இரை கண்ணுக்குத் தெரியாது, பட்டினிதான். கண்ணையும் விரல் நுனிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

நன்றாகத் தின்றும் வால் மெலிந்துகொண்டே போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். எச்சம் வழியாகப் பரவும், சாதாரண பிளீச்சுக்கு அசையாது, உறுதியாகக் குணமாக்கும் மருந்தும் இல்லை. அதனால்தான் புதிய பல்லிக்கு 90 நாள் தனி அறை, தனி இடுக்கி, தனித் தட்டு. பழைய பல்லிகளைக் கவனித்து முடித்த பிறகே இதைத் தொட வேண்டும்.

நாய்க்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தோராயமாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நீர் வற்றிய, 20 கிராம் பல்லிக்கு அது விஷம் கொடுப்பதற்குச் சமம். முதலில் எச்சப் பரிசோதனை. அன்றைய எச்சத்தை ஈர டிஷ்யூவோடு ஜிப் கவரில் போட்டு, ஃப்ரீசரில் அல்ல, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். ஒருமுறை ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. கிரிப்டோ தொடர்ந்து வெளியேறாது. சந்தேகம் நீடித்தால் பிசிஆர் பரிசோதனை கேளுங்கள், எடைக் குறிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.