படிவத்தை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்

பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வெளியே தெரியச் செய்யும் வேலை நூலகத்தில் என் மேசைக்கு வந்ததும், கட்டுரை விவரம் கேட்டு எல்லாருக்கும் ஒரு எக்செல் படிவம் அனுப்பினேன். திரும்பி வந்தவை சொற்பம். குறை சொல்ல முடியாது. அதே விவரத்தைத் துறைக்கும் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள்.

இப்போது முதலில் கேட்பது ஆர்கிட் (ORCID) எண் மட்டும்தான். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாளம் அது. கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் வரும், பிழையென்று திருத்திவிடாதீர்கள். ஒரே ஆளின் பெயர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தோடும் இன்னொன்றில் விரிவாகவும் இருந்தால், ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் அவர் இரண்டு பேராகிவிடக்கூடும். எண் இருந்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். கட்டுரைகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு அவர் அனுமதி கொடுத்துவிட்டால், ஆர்கிட் எண்ணோடு வெளியாகும் புதுக் கட்டுரைகள் தாமே அவருடைய ஆர்கிட் பக்கத்தில் சேரும். பழையவற்றை டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) வைத்து நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்காகக் கடவுச்சொல்லை வாங்காதீர்கள் (ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதியே நீட்டினார்!). ஆர்கிட் அமைப்புகளில் நம்மை நம்பகமான நபராகச் சேர்க்கச் சொன்னால் போதும்.

அப்புறம் முழுக் கட்டுரை. பதிப்பகம் அச்சிட்ட பிடிஎஃப்பை நம் இணையக் களஞ்சியத்தில் ஏற்றப் பல இதழ்கள் விடுவதில்லை. ஏற்கப்பட்ட கையெழுத்துப்படிக்கு (இதழ் ஏற்றுக்கொண்ட, அச்சு வடிவம் பெறாத ஆசிரியரின் கடைசிப் படி) பெரும்பாலும் இடமுண்டு, சிலவற்றில் காத்திருப்புக் காலத்தோடு. ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தப் படியைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்தக் கணினியில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

விளம்பரமா? எளிய மொழியில் இரண்டு வரி, கூடவே டிஓஐ இணைப்பு. எச்-இண்டெக்ஸ் (மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எண்) வரிசைப் பட்டியல் போடவே போடாதீர்கள். கணிதத்தையும் மருத்துவத்தையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.