ஆஸ்டர் பூப்பது செப்ரெம்பரில், பிழை நடப்பது மே மாதத்தில்

செப்ரெம்பர் பிறந்தால் தென் ஒன்ராறியோவின் தெருவோரங்களில் கோல்டன்ரொட்டின் மஞ்சளும் நியூ இங்கிலண்ட் ஆஸ்டரின் ஊதாவும் சேர்ந்தே நிற்கும். யாரும் தண்ணீர் விடுவதில்லை, பசளை போடுவதில்லை. அதே ஆஸ்டர் வீட்டு வளவுக்குள் வந்ததும் சரிந்து விழுகிறது, இலை வெளுக்கிறது, சில வேளை அடுத்த வருடம் முளைக்காமலே போகிறது. செடியில் குறை சொல்ல முடியாது. நாம் அதைக் கவனிக்கத் தொடங்கும் நேரம்தான் பிந்திவிடுகிறது. பூக்கும் மாதத்தில் ஆஸ்டருக்குச் செய்ய அநேகமாக ஒன்றுமில்லை. வேலை எல்லாம் ஏப்ரலுக்கும் யூலைக்கும் இடையில்தான்.

முதல் பிழை கடையிலேயே நடக்கும். இலையுதிர்காலத்தில் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில், குட்டையாக, உருண்டையாக, மொட்டு நிறைந்த ஆஸ்டர் சாடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அவை நியூயோர்க் ஆஸ்டரும் அதன் கலப்பினங்களும். வெளிச்ச நேரத்தைக் கூட்டிக் குறைத்தும், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்தும் அந்த உருவத்துக்குக் கொண்டுவருவார்கள். வாசற்படியில் வைத்து இரண்டு மூன்று கிழமை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பூ முடிந்தபின் ஒக்ரோபர் கடைசியில் அதை நிலத்தில் வைத்தால் வேர் சாடியின் வடிவத்திலேயே சுருண்டு கிடக்கும். நிலம் இறுகுவதற்குள் மண்ணில் வேரோட அதற்கு நேரம் இல்லை. குளிர்காலத்தில் நிலம் உறைந்து, இளகி, திரும்ப உறையும்போது அந்த வேர்க்கட்டி அப்படியே மேலே தள்ளப்பட்டுக் காய்ந்துவிடும். "ஆஸ்டர் இந்தக் குளிருக்குத் தாங்காது" என்று சொல்பவர்கள் பலரும் பார்த்தது இதைத்தான்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் செப்ரெம்பர் முதல் பாதியிலேயே, பூவோடு என்றாலும் பரவாயில்லை, நிலத்தில் வைத்துவிடுங்கள். சுற்றிக் கிடக்கும் வேரைக் கையால் பிரித்துவிட்டு, நிலம் உறையும்வரை தண்ணீர் விடுங்கள். தப்பிப் பிழைத்தால் அடுத்த வருடம் அது சாடியில் பார்த்த உயரத்தில் நிற்காது, அதற்கும் இடம் விட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், மே மாதத்தில் பூவும் மொட்டும் இல்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாடியை வாங்குவதுதான் புத்தி.

இன்னொரு குழப்பம் விதை வாங்கும்போது வரும், பெயர் ஒன்றாக இருப்பதால். தமிழ்நாட்டில் மாலை கட்டும் ஆஸ்டர் வேறு செடி. அது சைனா ஆஸ்டர். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா எல்லாம் அந்த இனம். ஒரே பருவத்தோடு அதன் கதை முடியும். அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் துளிர் வருமென்று காத்திருக்க வேண்டாம்.

சரி, நல்ல கன்று கிடைத்து வேரும் பிடித்துவிட்டது. இனிமேல்தான் பலரும் கையை வைக்கத் தயங்கும் வேலை: நுனி கிள்ளுவது. நியூ இங்கிலண்ட் ஆஸ்டரை அப்படியே விட்டால் நாலைந்து அடி வளரும். பூவெல்லாம் உச்சியில், கீழ் இலைகள் யூலையிலேயே காய்ந்து கொட்டிவிடும், ஒரு மழை அடித்தால் மொத்தமாகப் படுத்துவிடும். மே கடைசியில் தண்டு ஒரு சாண் வந்ததும் மேல்பாதியைக் கிள்ளிவிட்டால் ஒரு தண்டு நாலாகப் பிரியும், செடி குட்டையாக நிற்கும், பூவும் கூடும். யூன் நடுவில் இன்னொரு முறை கிள்ளலாம். இங்கிலாந்தில் இந்த வேலைக்கு மே கடைசியில் வரும் செல்சி மலர்க் காட்சியை அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். நமக்கு மே கடைசிப் பக்கம் வரும் விக்டோரியா நாளுக்குத் தொடங்கி யூலை முதலாம் திகதி கனடா நாளுக்கு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நிறுத்துவதுதான் முக்கியம். பகல் குறையக் குறைய மொட்டு வைக்கும் செடி இது. யூலை கடைசியில் "கொஞ்சம் உயரமாகிவிட்டதே" என்று கத்தரியை எடுத்தால் வரவிருந்த மொட்டையே வெட்டியதாகும். புதுத் துளிர் திரும்ப மொட்டு வைத்து விரிவதற்குள் ஒக்ரோபர் உறைபனி வந்துவிடும். பிந்திவிட்டதென்றால் வெட்டாமல் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். முன்னுக்கு நிற்கும் தண்டுகளை மட்டும் கிள்ளி, பின்னால் உள்ளவற்றை விட்டால், பின்வரிசை முதலிலும் முன்வரிசை பிறகுமாகப் பூக்கும். பின்னால் இலை கொட்டி வெறுமையாக நிற்கும் அடித்தண்டுகளையும் முன்வரிசை மறைத்துவிடும். மேயில் முயல் வந்து நுனியைக் கடித்துவிட்டுப் போனால் கோபப்படாதீர்கள், உங்கள் வேலையைத்தான் அது செய்திருக்கிறது. புதிதாக வைத்த கன்றுக்கு மட்டும் கம்பி வலை போடுங்கள்.

அப்புறம் சாம்பல் நோய். ஓகஸ்டில் இலையில் மா தூவியதுபோல வெள்ளை படிந்து, இலை சுருண்டு கருகும். இது வந்ததும் பலரும் செய்வது இரண்டு: தண்ணீரைக் குறைப்பது, மருந்தைத் தேடுவது. முதலாவது நேர்மாறான வைத்தியம். காற்று ஈரப்பதமாக, வேர் காய்ந்து, செடி நெருங்கி நிற்கும் இடம்தான் இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது. அதனால் யூலையில் வேருக்குக் கிழமைக்கு ஒரு தடவை நன்றாக இறங்கும்படி தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று அங்குலத்துக்கு இலைக்குப்பையோ மரத்தூளோ போட்டு மூடினாலே பாதி தீரும். மற்றப் பாதி காற்றோட்டம். கன்றுக்குக் கன்று ஒன்றரை, இரண்டு அடி இருக்கட்டும். வசந்தத்தில் ஒரு தூரில் முளைக்கும் தண்டுகளில் மெலிந்தவற்றை, மூன்றில் ஒரு பங்கு, அடியோடு எடுத்துவிடுங்கள். வெள்ளை படிந்தபின் எந்த மருந்தாலும் அந்த இலை பழையபடி ஆகாது. செடி சாகாது, அசிங்கமாக நிற்கும், அவ்வளவுதான்.

வகைத் தேர்வும் இதில் உண்டு. இங்கிலாந்தில் கோல்வோலில் எர்னஸ்ட் பல்லார்ட் 1906இல் நர்சரி தொடங்கி, நியூயோர்க் ஆஸ்டரிலிருந்து பெரிய பூவும் புதுப்புது நிறமுமாக வகைகளை உருவாக்கினார். நிறத்தில் அவற்றை மிஞ்ச முடியாது, ஆனால் அந்த இனம் சாம்பல் நோய்க்குச் சுலபமாக மடியும். நியூ இங்கிலண்ட் இனம் அதைவிடத் தாங்கும். முதல்முறை வைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பசளை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. புல்தரைக்குப் போடும் நைதரசன் பசளை இதன் பக்கம் போகாமல் பார்த்தால் சரி. போனால் தண்டு கொழுத்துச் சரியும். தூர் பிரிப்பதைத் தள்ளிப்போடுவதும் இதே முடிவைத்தான் தரும். மூன்று வருடமானால் தூரின் நடுப்பகுதி மரம்போல இறுகிப்போய், துளிர் ஓரத்தில் மட்டும் வரும். ஏப்ரல் கடைசியில், துளிர் இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்போது முழுத் தூரையும் கிளப்பி, ஓரத்துத் துளிர்களை வேரோடு பிரித்து வைத்து, நடுவை எறிந்துவிடுங்கள்.

நவம்பரில் வளவைச் சுத்தம் செய்யும் வேகத்தில் ஆஸ்டரையும் தரையோடு வெட்டுவது நம் சனங்களிடம் நிறைய உண்டு. காய்ந்த தண்டு அசிங்கம்தான். ஆனால் அது பனியைப் பிடித்து வேரை மூடி வைக்கும், விதையைக் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வந்து கொத்தும். நோய் படிந்த தண்டுகளை மட்டும் வெட்டி அகற்றிவிட்டு, மற்றதை வசந்தம்வரை விடலாம். குளிரைவிட, கூரைத் தண்ணீர் இறங்கித் தேங்கும் மூலைதான் குளிர்காலத்தில் இதை அதிகம் கொல்லும்.

கடைசியாக, மேப்பிள் மர நிழலில் நியூ இங்கிலண்ட் ஆஸ்டரை வைத்துவிட்டு வெயிலுக்கு அது சாய்கிறதே என்று கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலுக்கென்றே இதய வடிவ இலையுள்ள நீல ஆஸ்டரும் வெள்ளைக் காட்டு ஆஸ்டரும் இருக்கின்றன. வெள்ளைக் காட்டு ஆஸ்டர் கனடாவில் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருப்பது, ஆகவே காட்டில் கண்டாலும் தோண்டி எடுத்து வராதீர்கள். உள்நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரிகளில் விதையிலிருந்து வளர்த்த கன்றைக் கேட்டு வாங்குங்கள்.