ஆட்டோமேஷன் போடும் முன் எந்தச் சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஜேப்பியர், மேக் (Make), பவர் ஆட்டோமேட் என்று எந்த ஆட்டோமேஷன் கருவியை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஓரிடத்தில் ஏதாவது நடந்தால் (இதுதான் டிரிகர்) இன்னோரிடத்தில் ஒரு வேலை தானாக நடக்கும். மெயிலில் பில் வந்ததும் அதை கூகுள் டிரைவில் போட்டு, கூகுள் ஷீட்டில் ஒரு வரி சேர்ப்பது மாதிரி. முதலில் இப்படி ஒரே ஒரு வேலையை எடுங்கள், அதுவும் தப்பாகப் போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாத வேலையாக. பணம் அனுப்புவதை எல்லாம் முதல் நாளே இதில் மாட்டிவிடாதீர்கள்.

கணக்கை இணைக்கும்போது ஓர் அனுமதித் திரை வரும், பலரும் அதைப் படிக்காமலே தட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள். ஜிமெயிலின் முழு அனுமதி என்றால் மெயில்களைப் படிப்பது, எழுதுவது, அனுப்புவது, நிரந்தரமாக அழிப்பது எல்லாமே அதில் அடக்கம். பில்லை எடுத்து வைக்க வந்த ஆப்புக்கு அழிக்கிற உரிமை எதற்கு? குறைக்க வழியில்லையா, பில்லுக்கென்றே தனியாக ஒரு மெயில் முகவரி தொடங்கி அதை மட்டும் இணையுங்கள். அட்மின் கணக்கை இணைக்கவே வேண்டாம். யாருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம், அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை மூடினால் ஆட்டோமேஷன் அன்றே படுத்துவிடும், மூடாமல் விட்டால் இன்னும் மோசம், சாவி அவர் கையிலேயே இருக்கும்.

ஏபிஐ கீயை (ஓர் ஆப் இன்னோர் ஆப்புக்குள் நுழையக் காட்டும் ரகசியச் சாவி) ஆட்டோமேஷனின் ஸ்டெப்புக்குள் அப்படியே ஒட்டாதீர்கள், அது முன்பு ஓடியபோது சேர்ந்த பதிவைத் திறக்கிற எவர் கண்ணிலும் படலாம். அதற்கென இருக்கும் கனெக்ஷன் பகுதியில் வையுங்கள். வெப்ஹுக் (வேறோர் ஆப் நேரடியாகத் தகவல் அனுப்பி ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் இணைய முகவரி) என்றால் அந்த முகவரி தெரிந்த யாரும் பொய்த் தகவலை அனுப்ப முடியும், அதனால் ரகசியக் குறியீடு சரியாக இருந்தால் மட்டும் மேலே போகும்படி முதல் ஸ்டெப்பை அமையுங்கள்.

சரி, அப்புறம் சோதனை. நான் ஒருமுறை ஷீட்டில் எந்த வரி மாறினாலும் மெயில் போகும்படி வைத்துவிட்டு, கடைசி ஸ்டெப்பில் அதே வரியில் மெயில் போன நேரத்தை எழுத வைத்தேன். எழுதியதும் வரி மாறியது, திரும்ப மெயில், திரும்ப எழுத்து... நல்லவேளை, மெயில் போனதெல்லாம் என் முகவரிக்கே. நீங்களும் முதல் வாரம் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். ஒரே தகவல் இரண்டு முறை வருவதும் சகஜம், பில் நம்பர் ஏற்கெனவே ஷீட்டில் இருக்கிறதா என்று தேடிவிட்டுப் புது வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பிழை வந்தால் தகவல் ஒருவருக்கு மட்டும் போகாமல் பொது முகவரிக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூகுள் கணக்கில் எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாததை எல்லாம் நீக்குங்கள்.