இருமை வடிவம்: எழுதும் முறையும் நிழல் விலையை வாசிக்கும் முறையும்

இருக்கும் வளங்களுக்குள் லாபத்தை உச்சமாக்கும் நேரியல் திட்டமிடல் கணக்கு ஒவ்வொன்றுக்கும், அந்த வளங்களுக்கு விலை காணும் ஒரு சோடிக் கணக்கு உண்டு; அதுதான் இருமை. அது தரும் விலையே நிழல் விலை: ஒரு வளம் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்பது. கொழும்பு வெள்ளவத்தையில் பற்றிஸும் ரோல்ஸும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு). ஒரு தொகுதி பற்றிஸுக்கு 6 கிலோ கோதுமை மா, 2 மணி நேர வேலை, 1 லீட்டர் எண்ணெய். லாபம் 1,800 ரூபா. ரோல்ஸுக்கு 4 கிலோ, 3 மணி நேரம், 1 லீட்டர். லாபம் 2,100 ரூபா. கிழமைக்கு 120 கிலோ மா, 60 மணி நேரம், 30 லீட்டர் எண்ணெய் இருக்கிறது. லாபம் என்பது மா, எண்ணெய் வாங்கிய காசைக் கழித்தது, சம்பளம் கழிக்கப்படவில்லை. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதன்மை வடிவம், அதாவது மூலக் கணக்கு (ப, ர என்பன கிழமைக்குச் செய்யும் பற்றிஸ், ரோல்ஸ் தொகுதிகளின் எண்ணிக்கை):
1800ப + 2100ர உச்சமாக வேண்டும்
6ப + 4ர ≤ 120
2ப + 3ர ≤ 60
ப + ர ≤ 30
ப, ர ≥ 0

இருமைக்கு, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு விலை வையுங்கள்: மாவுக்கு ம, வேலைக்கு வ, எண்ணெய்க்கு எ. நிரலாக நின்ற எண்களை இப்போது நிரையாக எழுத வேண்டும்:
120ம + 60வ + 30எ இழிவாக வேண்டும்
6ம + 2வ + எ ≥ 1800
4ம + 3வ + எ ≥ 2100
ம, வ, எ ≥ 0

பலரும் பிழைவிடுவது குறியில்தான். உச்சக் கணக்கில் ஒரு கட்டுப்பாடு ≥ ஆக இருந்தால் அதன் விலை ≤ 0. சமன்பாடாக இருந்தால் விலைக்குக் குறிக் கட்டுப்பாடே இல்லை.

விடை: ப = 12, ர = 12. எண்ணெய் 24 லீட்டர்தான் செலவாகிறது; 6 லீட்டர் மிஞ்சுவதால் எ = 0. ப, ர இரண்டும் பூச்சியமல்ல, ஆகவே இருமையின் இரு கட்டுப்பாடுகளும் சமன்பாடாகும்: ம = 120, வ = 540. முதன்மையின் லாபமும் இருமையின் மொத்தமும் 46,800 ரூபா வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ கணக்குப் பிழை.

வாசிப்பதில்தான் கவனம் வேண்டும். மாவின் விலை ஏற்கெனவே கழிந்துவிட்டதால், 120 ரூபா என்பது வழக்கமான விலைக்கு மேலாகக் கிலோவுக்குக் கொடுக்கக்கூடிய உச்சம். சம்பளம் கழிக்கப்படாததால், 540 ரூபா மேலதிக மணி நேரம் ஒன்றுக்குக் கொடுக்கக்கூடிய முழுத்தொகை. இதைக் குழப்பினால் லாபம் தரக்கூடிய மாவை வாங்காமல் விடுவீர்கள், அல்லது மேலதிக வேலைக்கு நட்டத்தில் சம்பளம் கொடுப்பீர்கள்.

இந்த விலைகளுக்கு எல்லையும் உண்டு. மற்றவை மாறாதபோது மா 80 முதல் 180 கிலோ வரை, வேலை 40 முதல் 90 மணி வரைதான் இவை செல்லும். 180 கிலோவைத் தாண்டிய மா மூட்டையிலேயே கிடக்கும்.

கட்லட் சேர்க்கலாமா? ஒரு தொகுதிக்கு 1 கிலோ மா, 4 மணி நேரம், 1 லீட்டர் என்றால், அவற்றை நிழல் விலையால் பெருக்கிக் கூட்டினால் 120 + 2,160 + 0 = 2,280. லாபம் அதற்கு மேல் வந்தால் மட்டும் சேருங்கள்.

எக்செலில் இத்தகைய கணக்கைத் தீர்க்கும் சொல்வர் (Solver) கருவியில் இவ்விலைகள் உணர்திறன் அறிக்கையில் (Sensitivity Report) வரும். தொகுதி முழு எண்ணாக வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அந்த அறிக்கை கிடைக்காது; முதலில் அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.